உப்புத் தெருவின் ஒற்றைக் கதவு

ராஜாவின் யானைக்கு ஓடு வேய்ந்த கொட்டடி இருந்தது. அந்த யானைக்கு உப்புச் சுமந்தவர்களின் கூரை மட்டும் ஒழுகியது. அப்படி ஒரு காலம். சின்னவர்கள் முன்னால் வாருங்கள், பெரியவர்கள் பின்னால் உட்காருங்கள். தூங்குகிறவர்கள் தூங்கலாம்; கதையே அவர்களை எழுப்பத்தான்.

கொன்றைப்பட்டணம் என்று ஓர் ஊர். அதன் ராஜா நல்லவர். அதாவது, அவரை யாரும் கிட்டத்தில் பார்த்ததில்லை.

அந்த ஊரில் கடன் வாங்கியவனிடம் மாட்டைப் பிடிக்க மாட்டார்கள், நிலத்தைப் பறிக்க மாட்டார்கள். வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போவார்கள். கதவின் மேலும் கீழும் குடுமி என்ற முளை இருக்கும். தூக்கினால் குழியிலிருந்து வந்துவிடும். இரண்டு ஆள், ஒரு நிமிஷம், வாசல் திறந்த வாயாகிவிடும். கோட்டை வாசல் கல்லில் இதற்கு மூன்று வரிச் சட்டமே வெட்டியிருந்தது. கடன்பட்டவன் கதவைக் கொடுக்கட்டும். கடன் தீர்ந்தால் கதவு திரும்பட்டும். கதவு அழிந்தால் கடனும் அழியட்டும். முதல் வரியைக் கடன் கொடுத்தவர்கள் தினமும் சொன்னார்கள். இரண்டாவதைக் கடன் வாங்கியவர்கள் கனவில் சொன்னார்கள். மூன்றாவது வரியைப் பிள்ளைகள் நொண்டி விளையாடும்போது பாடினார்கள், பெரியவர்கள் மறந்துபோனார்கள்.

உப்புத் தெரு முழுவதும் கதவு கிடையாது. எல்லாக் கதவும் தனக்கோடியார் என்ற வட்டிக்காரரின் கொல்லையில் அடுக்கிக் கிடந்தன. நாய் உள்ளே வந்தது, ஆடு உள்ளே வந்தது, மழை உள்ளே வந்தது. முதலில் கூசினார்கள், பிறகு பொறுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். பழகிவிட்டால் பாழ் வாசலுக்கும் கோலம் போடுவார்கள் நம் ஜனங்கள்.

அந்தத் தெருவில் குருவம்மா என்று ஓர் உப்புக்காரி இருந்தாள். அவள் புருஷன் கருத்தாண்டி. அவர்கள் வீட்டுக் கதவு போனது, அவனுடைய அப்பன் ஒரு காளைக்காக வாங்கிய கடனில். காளை செத்து, அப்பன் செத்து, கடன் மட்டும் திடகாத்திரமாய் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குருவம்மா கதவில்லாத வீட்டில்தான் தூங்கினாள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. அமாவாசைதோறும் கொஞ்சம் இலுப்பை எண்ணெயை எடுத்துக்கொண்டு தனக்கோடியாரின் கொல்லைக்குப் போவாள். குவியலில் தன் கதவைத் தேடி, தூசி தட்டி, எண்ணெய் தடவி, அடியில் நாலு கல்லை வைத்து நிமிர்த்திவிட்டு வருவாள். அது கிளி செதுக்கிய கதவு. கிளிக்கு மூக்கு மட்டும் உடைந்திருந்தது.

கொல்லைக் காவல்காரன் சிரிப்பான். "என்ன தாயி, ஜெயில்ல இருக்கிற புருசனப் பாக்க வந்தியா?"

"ஆமாண்ணே. வெளிய வரும்போது எலும்பும் தோலுமா வந்திரக் கூடாதுல்ல" என்பாள்.

ஒருமுறை பக்கத்துக் கதவுகளில் கறையான் ஏறுவதைப் பார்த்து, தனக்கோடியாரிடம் ஓடிச் சொன்னாள். "உன் கதவுல ஏறுதா?" என்றார் அவர். "இல்லை ஐயா." "அப்ப உன் வேலையைப் பாரு" என்றார்.

உப்பு விற்றாள், உப்பு விற்றாள், உப்பு விற்றாள். கடன் தீர்ந்தது.

கதவு வீடு திரும்பிய அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. கருத்தாண்டி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சாமி சப்பரம் தூக்குகிறவன் மாதிரி கதவைத் தூக்கி வந்தான். வாசலில் வைத்தான். கதவு நுழையவில்லை. திருப்பி வைத்தான். நுழையவில்லை. தலைகீழாய் வைத்தான். கிளிதான் தலைகீழாய்த் தொங்கியது.

கதவு சரியாகத்தான் இருந்தது. வீடுதான் கோணியிருந்தது. இத்தனை வருஷம் கதவின் தாங்கல் இல்லாமல் வாசல் நிலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சுவரின் அடி உப்பரித்து உதிர்ந்திருந்தது. கூரையில் ஓலையைவிட வானம் அதிகம்.

"மாப்பிள்ளை வந்துட்டாரு, மணவறைதான் இல்லை" என்றாள் எதிர்வீட்டு ஒச்சாயி. தெரு சிரித்தது. குருவம்மாவும் சிரித்தாள். கடன் இல்லாதவளுக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும்.

அன்று சாயங்காலமே தனக்கோடியார் வந்துவிட்டார். இனிப்பு மாதிரி பேசினார்.

"குருவம்மா, நீ நாணயக்காரி. புதுசாவே கட்டிரு, மச்சு வச்சுக் கட்டிரு. கேட்டா நான் கொடுக்கேன், கொடுத்தா நீ கட்டுத. யாருக்கு என்ன நட்டம்?"

"வேண்டாம் ஐயா. வீடு காத்திருக்கும், வட்டி காத்திருக்காது."

கதவை உள்சுவரில் விருந்தாளியைப் போலச் சாய்த்து வைத்தாள். வேலையைத் தொடங்கினாள்.

கையில் காசு குறைவு. ஆனால் கால் இரண்டும் தினமும் நடந்தன. உப்பெடுக்கக் கடல்பக்கம் போனால் மடி நிறையக் கிளிஞ்சல் பொறுக்கி வந்தாள். உப்பு விற்க நாட்டுப்புறம் போனால் தலை நிறையப் பனையோலை கட்டி வந்தாள். வெறுங்கையோடு மட்டும் வீட்டுக்கு வரவில்லை. கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு. ஓலையை முடைந்தால் கூரை.

கருத்தாண்டிக்குப் பொறுமை கிடையாது. சுண்ணாம்பு நீறியதும் நீறாததுமாகக் குழைத்து, உப்பரித்த சுவரின்மேல் அப்படியே அப்பினான். வீடு வெள்ளை வெளேரென்று ஆனது. "பாத்தியா புள்ள, அரண்மனை!" என்றான். நாலாம் நாள் அவன் கஞ்சி குடிக்கும்போது அரண்மனைச் சுவர் பொத்தென்று கஞ்சிக்குள் விழுந்தது.

"என் தலையில விழுந்திருந்தா?" என்று கத்தினான்.

"தலையில விழுந்தா ஒண்ணுமில்லை, சுண்ணாம்பு கல்லுலயும் பிடிக்கும். கஞ்சி வீணாப் போச்சே" என்றாள் குருவம்மா.

பிறகு அவள் சொன்னபடி செய்தார்கள். சுவரைச் சுரண்டினார்கள். ஈரக் களிமண்ணைக் கனமாக அப்பினார்கள். மண் காய்ந்து உப்பை உறிஞ்சியதும் உரித்துத் தூர எறிந்தார்கள். மறுபடி அப்பினார்கள், மறுபடி உரித்தார்கள். மூன்றாவது தடவை உரித்த மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தான் கருத்தாண்டி. கரிக்கவில்லை. "உப்பு போயிருச்சு!" என்று தெருவுக்குக் கேட்கக் கூவினான். உப்புத் தெருவில் உப்புப் போனதற்கு ஆடியவன் அவன் ஒருவன்தான். அதன் பிறகுதான் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினார்கள். பூச்சு நின்றது.

ஐப்பசி மழை வந்தது. பாதிக் கூரைதான் வேய்ந்திருந்தது. இவர்கள் வேய்ந்த பாதியில் உட்கார்ந்து, வேயாத பாதியில் பெய்த மழையை வேடிக்கை பார்த்தார்கள். தனக்கோடியார் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"நனையுறியே குருவம்மா. ஓடு போட்டுரு. கேட்டா நான் கொடுக்கேன், கொடுத்தா நீ கட்டுத. யாருக்கு என்ன நட்டம்?"

"வேண்டாம் ஐயா. வீடு காத்திருக்கும், வட்டி காத்திருக்காது. நீங்க நனையாமப் பாத்துப் போங்க. குடையில ஓட்டை இருக்கு."

கார்த்திகையில் கூரை முடிந்தது. தரையைச் சாணமிட்டு மெழுகினாள். ஒரு மாடக்குழியைக் கருத்தாண்டி கோணலாகச் செதுக்கினான். அதில் வைத்த விளக்கும் கோணலாக எரிந்தது. அதற்கும் சிரித்தார்கள். வாசல் நிலை ஒன்றுதான் பாக்கி. அதை நிமிர்த்த இரண்டு பேரின் தோள் போதாது. "காத்திருக்கும்" என்றாள் குருவம்மா.

ஆனால் அது காத்திருக்கவில்லை. தண்டோரா வந்தது.

"ராஜகுமாரி கல்யாண ஊர்வலம் தை பிறந்ததும் உப்புத் தெரு வழியா வரும்! கதவில்லாத வீடு அபசகுனம்! மணியக்காரர் வந்து பார்ப்பார்! கதவில்லாத வீடு இடிக்கப்படும்! டும் டும் டும்!"

பெரிய வீதியில் தேர் அச்சு முறிந்து நின்றுவிட்டதாம். அதனால் உப்புத் தெருவுக்கு அந்த யோகம். கதவு ஏன் இல்லை என்று அரண்மனை கேட்கவில்லை. கேட்பதற்குத்தான் அரண்மனை கட்டுகிறார்களா?

மறுநாளே தனக்கோடியார் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கதவுகளை ஒரு நாள் வாடகைக்குத் தருவாராம். வாடகையைப் பழைய கடனோடு சேர்த்துக்கொள்வாராம். கைநாட்டு முதலில், கதவு பிறகு.

குருவம்மாவைப் பார்த்தார். "என்ன குருவம்மா, இப்ப வீடு காத்திருக்குமா? உன் நிலையை நிமித்தப் பத்து ஆள் வேணும், கூலி வேணும். கேட்டா நான் கொடுக்கேன்."

குருவம்மா தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பூசிய சுவரும் வேய்ந்த கூரையும் மெழுகிய தரையும் கண்முன் வந்தன. வாசலில் கதவு நிற்காவிட்டால் எல்லாம் மண். ஒரு கைநாட்டு வைத்தால் எல்லாம் தப்பும். ஆனால் கதவு மறுபடி அந்தக் கொல்லைக்குப் போகும். கொல்லை என்று நினைத்ததும் அவளுக்கு வேறு ஏதோ நினைவு வந்தது. அது என்ன என்பதை அவளும் அப்போது சொல்லவில்லை, நானும் இப்போது சொல்ல மாட்டேன்.

நாற்காலியை நோக்கிப் போன கூட்டத்தை அவள் மறித்தாள்.

"உனக்கென்னடி, உன் கதவு வீட்டுக்கு வந்திருச்சு. வழியை விடு" என்றாள் ஒச்சாயி.

"வந்து என்ன மதினி, மாட்ட முடியலையே. எல்லாரும் வந்து என் நிலைக்குத் தோள் கொடுங்க. உங்க வீட்டுக்கெல்லாம் நான் கதவு தாரேன்."

"ஒத்தக் கதவை வச்சுத் தெருவுக்கே தரப் போறியா? என்ன, துண்டு போடுவியா?"

"துண்டு போட மாட்டேன் மதினி. நடக்க வைப்பேன்."

ஒச்சாயி ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்தவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குருவம்மா வீட்டுப் பக்கம் நடந்தாள். கூட்டம் அவள் பின்னால் திரும்பியது. தனக்கோடியாரின் நாற்காலியில் தனக்கோடியார் மட்டும் இருந்தார்.

அந்தத் தெருவின் வீடுகள் எல்லாம் ஒரே கொத்தன் ஒரே முழக்கோலால் கட்டியவை. ஒரு வாசலுக்குப் பொருந்தும் கதவு எல்லா வாசலுக்கும் பொருந்த வேண்டும். ஆனால் எல்லா வாசலும் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம். கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவர்கள் மாதிரி.

முதலில் குருவம்மா வீடு. ஆணும் பெண்ணும் நிலையின் மேல்விட்டத்துக்குக் கீழே தோளைக் கொடுத்தார்கள். "ஏலேலோ" என்று ஒரு தூக்கு. கருத்தாண்டி ஆப்பை அடித்தான். இன்னொரு தூக்கு, இன்னோர் ஆப்பு. மூன்றாவது தூக்கில் நிலை நிமிர்ந்தது. குடுமியைக் குழியில் இறக்கினார்கள். கதவு நின்றது. குருவம்மா அதைச் சாத்தவில்லை. தொட்டுப் பார்த்தாள், உடனே கழற்றச் சொன்னாள். "அடுத்த வீட்டுக்குத் தூக்குங்க."

அன்றிலிருந்து தினமும் கதவு தெருவில் போனது. எந்த வீட்டில் நிறுத்துகிறார்களோ அந்த வீட்டுக்குத் தெருவே வேலைக்காரர். நிலை நிமிர்த்த வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தி சுவரைச் சுரண்டினாள். ஒருவன் ஓலை செருகினான். கருத்தாண்டி வீடு வீடாய்ப் போய், "உப்பை உறிஞ்சாம பூசாதீங்க, கஞ்சியில விழும்" என்று பெரிய கொத்தனார் மாதிரி புத்தி சொன்னான். வேலை நடந்த வீட்டில் கஞ்சி, வேலைக்கு நடுவில் பாட்டு. கூலி என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை. தை வருவதற்குள் தெரு முழுவதும் வாசல்கள் நெஞ்சை நிமிர்த்தி நின்றன.

மணியக்காரர் வந்தார். பெரிய மனிதர், பெரிய வயிறு, பின்னால் குடை பிடிக்க ஓர் ஆள். முதல் வீட்டில் கிளிக் கதவு பளபளவென்று நின்றது.

"கதவு உண்டு. அடுத்தது."

"வெயில்ல வந்திருக்கீங்க சாமி, ஒரு வாய் பானகம்" என்று பிடித்துக்கொண்டார்கள். அவர் குடிப்பதற்குள் கதவு கழன்று, கொல்லைப்புறம் வழியே ஓடி, இரண்டாம் வீட்டில் ஏறியது.

"கதவு உண்டு. இந்தக் கிளியை எங்கேயோ பார்த்திருக்கேனே?"

"எல்லாக் கிளியும் பச்சைதானே சாமி. வெத்தலை போடுங்க." அவர் சுண்ணாம்பு தடவுவதற்குள் கதவு மூன்றாம் வீட்டுக்குப் போய்விட்டது. ஆனால் அங்கே அதை மாட்டக் கொஞ்சம் பிந்தியது. அதற்காக ஒச்சாயி தன் புருஷனோடு நடுத்தெருவில் ஒரு சண்டையைத் தொடங்கினாள். பொய்ச் சண்டைதான், பாதியில் பழைய விஷயமெல்லாம் நினைவுக்கு வந்து நிஜமாகிவிட்டது. மணியக்காரர் நின்று ரசித்துக் கேட்டார். பிறகு உள்ளே பார்த்தார்.

"இந்தக் கிளிக்கும் மூக்கு இல்லையே?"

"எங்க தெருக் கிளியெல்லாம் உப்பைத் தின்னு தின்னு மூக்கு கரைஞ்சு போச்சு சாமி" என்றாள் ஒச்சாயி, மூச்சு வாங்கிக்கொண்டே.

இப்படியே தெருக்கோடி வரைக்கும் எண்ணி முடித்தார். எல்லா வாசலிலும் கதவு கண்டதாக அரண்மனைக்கு ஆளும் அனுப்பினார். அந்த நேரத்தில்தான் தனக்கோடியார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மோசம்! அத்தனையும் ஒரே கதவு! மத்த கதவெல்லாம் என் கொல்லையில இருக்கு!"

குருவம்மா காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். கதவெல்லாம் அவர் கொல்லையில் இருக்கிறது என்று உப்புக்காரி போய்ச் சொன்னால் அரண்மனையின் காது மூடிக்கொள்ளும். தனக்கோடியார் சொன்னால் திறந்துகொள்ளும்.

"எல்லாம் பத்திரமா இருக்கா ஐயா?" என்று பணிவாகக் கேட்டாள்.

"ஒண்ணு குறையாம பத்திரமா இருக்கு!"

மணியக்காரருக்கும் அது நல்ல வழியாகப் பட்டது. "அப்படியானால் இப்போதே எடுத்து வந்து மாட்டும். ஊர்வலம் போனதும் கொண்டுபோகலாம். ராஜ காரியத்துக்கு வாடகை கிடையாது."

தனக்கோடியாரின் முகம் சுருங்கியது. "இப்பவா? நாளைக்கு..." என்றார். அதற்குள் தெரு நடக்கத் தொடங்கிவிட்டது. மணியக்காரர் முன்னால், தெரு பின்னால்.

கொல்லையில் கதவுகள் அடுக்கடுக்காய்க் கிடந்தன. பார்வைக்கு முழுசுதான். கருத்தாண்டி ஒன்றை ஆசையோடு தூக்கினான். அவன் கையில் இரும்பு வளையம் மட்டும் வந்தது. கதவு மாவாய் உதிர்ந்து அவன் காலடியில் கொட்டியது. இரண்டாவதைத் தொட்டான், உதிர்ந்தது. மூன்றாவதை ஊதினான், உதிர்ந்தது. உள்ளே எல்லாம் கறையான் தின்றிருந்தது; அன்று குருவம்மாவுக்கு நினைவு வந்தது இதுதான். நாலு கல்லின் மேல் நின்று, எண்ணெய் குடித்து வளர்ந்த ஒரு கதவு மட்டும்தான் அந்தக் கொல்லையிலிருந்து உயிரோடு வந்திருந்தது.

பெரியவர்கள் கொட்டிய மாவைக் குனிந்து பார்த்தார்கள். பின்னாலிருந்த பிள்ளைகள்தான், விளையாட்டு என்று நினைத்தோ என்னவோ, ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே பாடினார்கள்.

"கதவு அழிஞ்சா கடன் அழியட்டும், கடன் அழியட்டும்!"

ஒச்சாயி பாடினாள். ஒச்சாயியின் புருஷன் பாடினான். தெரு பாடியது. கல்லில் அந்த வரி எப்போதும் இருந்ததுதான். அதைச் சேர்ந்து சொல்லத்தான் ஆள் இல்லாதிருந்தது.

மணியக்காரர் கறையான் மண்ணைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அவருக்கு நியாயம் பிடிக்குமோ என்னவோ, கூட்டம் பிடிக்காது. "கல்லில் இருப்பதுதான் சட்டம். கடன் அழிந்தது" என்றார்.

"அப்ப வீடுகள்? அதுலயும் கதவு இல்லையே!" என்று அலறினார் தனக்கோடியார்.

"எல்லா வாசலிலும் கதவு கண்டேன் என்று சொல்லி அனுப்பியாயிற்று. காணாததை மணியக்காரர் கண்டதாகச் சொன்னார் என்று அரண்மனையில் போய்ச் சொல்லப் போகிறீரா?" என்றார் மணியக்காரர்.

ஊர்வலம் வந்தது. நிமிர்ந்த வாசல்களில் கதவுக்குப் பதிலாக மஞ்சளில் நனைத்த உப்புச் சாக்குகள் கொடி மாதிரி ஆடின. வெள்ளைச் சுவரெல்லாம் வெயிலில் சிரித்தன. ராஜா அம்பாரியில் தூங்கிக்கொண்டே போனார். உப்புத் தெருவை அவர் பார்க்கவில்லை. அதனால் உப்புத் தெருவுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சாயங்காலம் கிளிக் கதவு தன் வீட்டுக்குத் திரும்பியது. குடுமியை இறக்கினார்கள். குருவம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே இருட்டியது, கோணல் மாடக்குழியில் விளக்கு எரிந்தது. நாய் வரவில்லை, காற்று வரவில்லை. அவள் பாயை விரித்தாள்.

டொக் டொக் டொக்.

இருவரும் திடுக்கிட்டார்கள். அந்தச் சத்தத்தை அவர்கள் வீட்டில் கேட்டதே இல்லை. கதவில்லாத வீட்டை யார் தட்டுவார்கள்?

"ஏட்டி குருவம்மா! நாளைக்கு எங்க வீட்டுக்குக் கதவு செய்யப் பனை அறுக்கணும், உன் புருசனை அனுப்பு! தொறயேன்டி!" என்றது ஒச்சாயியின் குரல்.

கருத்தாண்டி எழுந்தான். குருவம்மா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இரும். இன்னொரு தடவை தட்டட்டும்."

கேட்டவர்களே, கடனைத் தீர்த்தவர் வீட்டைச் சீர்செய்ய மறுபடி வட்டிக்காரரின் கையைத் தேட வேண்டாம், தன் கையையும் பக்கத்து வீட்டார் கையையும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியதே நிலைத்து நிற்கும்.